சாலை காயட்டும்

லோன் கிரீக், கென்டக்கி
மார்ச் 19, 1956

ஹோபர்ட்,

நேற்றும் மழை. நம் பையன் மேல் பெய்தது. இதைச் சொல்லத்தான் காகிதத்தை எடுத்தேன், எடுத்ததும் முதலில் எழுதிவிட்டேன்.

ரூபனைப் புதைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. குன்றின் மேல் உன் அப்பா குழிக்குக் கூரை இருக்கிறது, உன் அண்ணன் குழிக்கு இருக்கிறது. கோம்ஸ் குடும்பத்தில் பிறந்த அன்றே செத்த குழந்தைக்குக்கூட பலகையால் சின்ன வீடு கட்டி, கூரை போட்டு வைத்திருக்கிறார்கள். இவன் மேல்தான் வெறும் மண். மழை பெய்தால் மண் அமுங்கிப்போகிறது. நான் போய் வாளியில் மண் கொண்டு போட்டுவிட்டு வருகிறேன்.

அக்கா செல்மாவின் புருஷன் ஒஹாயோவிலிருந்து சாவுக்கு வந்திருந்தாரே, அவர், "அரை நாள் வேலைம்மா, நான் போட்டுடறேன்" என்றார். வேண்டாம் என்றேன். அப்பன் உயிரோடு இருக்கும்போது பிள்ளை குழிக்கு இன்னொருத்தன் கூரை போட்டதாக இந்த ஊரில் யாராவது சொல்லக் கேட்டிருக்கிறாயா? உனக்குத்தான் உளியும் ரம்பமும் நன்றாகப் பிடிக்க வருமே.

அவன் மூச்சுக்குத் திணறின வாரம் உனக்குத் தந்தி கொடுத்தேன். வெள்ளம், சாலை போய்விட்டது என்று பதில் அடித்தாய். நம்பினேன். ஆனால் அவனைப் புதைத்த அன்று காலையில் கரி லாரி ஊருக்குள் வந்தது ஹோபர்ட். நீ இருக்கிற நாக்ஸ்வில் பக்கத்திலிருந்துதான் வந்தது. லாரிக்காரன் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நான் இங்கே சபையில் சேர்ந்துவிட்டேன். ஓடையில் முழுக்கு வாங்கினேன், ஓரத்தில் பனிக்கட்டி இருந்தது. சபை விதிப்படி இனிமேல் வாத்தியம் வைத்து உலகப் பாட்டு பாடுவதில்லை. நம் ஜோடிப் பாட்டெல்லாம் முடிந்தது. உனக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் அந்தச் சபைப் பெண்கள்தான் எனக்குச் சோறு ஊட்டினார்கள். நீ ஊட்டவில்லை.

திட்ட எழுதவில்லை. கதவைத் தாழ் போடவில்லை. விளக்கை அணைக்கவில்லை. வந்துவிடு. அவனுக்குக் கூரை போடு. அப்புறம் எங்கே போகவேண்டுமோ போ.

ஓலீட்டா


நாக்ஸ்வில், டென்னசி
மார்ச் 27, 1956

அன்புள்ள ஓலீட்டா,

உன் கடிதம் வந்தது. நல்லவேளை, மத்தியான ரேடியோ நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் கையில் கொடுத்தார்கள். முன்னாலேயே கொடுத்திருந்தால் மாவு விளம்பரத்தைக்கூட ஒழுங்காகப் பாடியிருக்கமாட்டேன்.

இங்கே எல்லாம் பழையபடிதான். பிடில்காரன் கிளீட்டஸோடு ஒரே அறை. அவன் விடுகிற குறட்டை பிசகாத சுருதி, அதை வைத்தே கிதாரைச் சுருதி சேர்க்கலாம். விடுதிக்காரம்மா போடுகிற சோளரொட்டியைக் கூரைக்கு ஓடாகப் போடலாம். அய்யோ, கூரை என்று எழுதிவிட்டேன். அடித்தால் அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும்.

நான் வரமாட்டேன் என்றா சொன்னேன்? நம் ஊர்ப் பாலத்துக்கு இந்தப்பக்கம் முழங்கால் சேறு என்று பஸ்காரன் சொல்கிறான். சாலை காயட்டும், வருகிறேன். அடுத்த வாரம் ரோனோக்கில் ஒரு நிகழ்ச்சி, அப்புறம் பிரிஸ்டல். அதற்குள் காய்ந்துவிடும். நாஷ்வில்லிலிருந்து கெஸ்லர் என்று ஒருவர் வந்து கேட்டுவிட்டுப் போனார். இசைத்தட்டு போடுகிற ஆள். இது நடந்தால் நீ ஓடையில் துணி துவைக்கவேண்டியதில்லை.

கரி லாரியைப் பற்றி ஏன் எழுதினாய் என்று தெரிகிறது. எழுதியிருக்கவேண்டாம்.

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். கதவைத் தாழ் போடவில்லை, விளக்கை அணைக்கவில்லை. நீ சாதாரணமாகத்தான் எழுதியிருக்கிறாய், ஆனால் வாய்விட்டுப் படித்தால் தானாக ராகம் வருகிறது. நடக்கும்போதும் வருகிறது, சவரம் செய்யும்போதும் வருகிறது. என்ன செய்வதென்று தெரியவில்லை.

உன்
ஹோபர்ட்


லோன் கிரீக்
ஏப்ரல் 21, 1956

ஹோபர்ட்,

உனக்கு வெட்கமே கிடையாதா?

இன்று மத்தியானம் மண்ணெண்ணெய் வாங்க கோம்ஸ் கடைக்குப் போனேன். கடையில் ரேடியோ. உன் பெயரைச் சொன்னதும் மிர்ட்டல் கோம்ஸ், "அடியே ஓலீட்டா, உன் வீட்டுக்காரருடி!" என்று சத்தத்தைக் கூட்டி வைத்தாள். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் முட்டாள், சிரித்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் நீ பாட ஆரம்பித்தாய். என் கதவு, என் விளக்கு, என் "வந்துவிடு". எல்லாவற்றையும் எடுத்து உன் வாயில் போட்டுக்கொண்டாய். நீ வீட்டில் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறாயாம். நான்தான் எங்கேயோ ஊர் சுற்றிக்கொண்டு, "சாலை காயட்டும், வருகிறேன்" என்று உனக்குச் சாக்கு சொல்கிறேனாம். பெண் பாட வேண்டியதையும் நீயே பாடினாய், குரலைக் கொஞ்சம் மெலிதாக்கி.

பாட்டு முடிந்ததும் மிர்ட்டல் கேட்டாள், "ஏண்டி, நீ இங்கேதானே இருக்கே? அவரு என்னமோ நீ விட்டுட்டு ஓடிட்ட மாதிரி அழுறாரே?"

யாரோ சிரித்தார்கள். பெரியவர் ஒருவர், "பாட்டுதானேம்மா, விடு" என்றார். மண்ணெண்ணெயை வாங்காமலே வந்துவிட்டேன்.

நீ வராததுகூட எனக்குப் பழகிவிட்டது. ஆனால் வராதவன் நீ, காத்திருக்கிறவள் நான். இந்த உலகத்தில் எனக்கென்று மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதையும் திருடிக்கொண்டாயே. சாலை காய்ந்து மூன்று வாரம் ஆகிறது. புழுதி பறக்கிறது.

ஓலீட்டா


நாக்ஸ்வில்
ஏப்ரல் 26, 1956

ஓலீட்டா,

நீ எழுதினதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. என்னைத் திட்டினால் திட்டு வாங்கிக்கொள்கிறேன், ஆனால் இதைக் கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

முதலில் உள்ளபடிதான் எழுதினேன். சத்தியமாக. பெண் கூப்பிடுகிறாள், ஆண் சாக்கு சொல்கிறான். கிளீட்டஸிடம் பாடிக் காட்டினேன். அவன் பிடிலைக் கீழே வைத்துவிட்டு, "டேய், பொண்டாட்டி கூப்பிட்டும் போகாத பயலை எவன்டா ரேடியோவுல கேப்பான்? செருப்பால அடிப்பாங்க" என்றான். எனக்கும் அந்தப் பயலின் பாட்டைப் பாட வாய் வரவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே ஆளை மாற்றிப் போட்டேன். மாற்றினதும் சுலபமாக வந்தது. கோழைத்தனம்தான். வேறு பெயர் இல்லை.

மாற்றிப் பாடினதிலிருந்து மூட்டை மூட்டையாகக் கடிதம் வருகிறது. பிரிஸ்டலிலிருந்து ஒரு அம்மா, பெண்டாட்டி விட்டுப்போன பாவப்பட்ட மனிதன் என்று எனக்குக் காலுறை பின்னி அனுப்பியிருக்கிறாள். அதைப் போடவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை.

கெஸ்லர் இசைத்தட்டு போடச் சம்மதித்துவிட்டார். ஆனால் ஒரு குரல் போதாது, பெண் வேண்டும் என்கிறார். உன் குரல் அவருக்குத் தெரியும், நாம் போன வருஷம் பாடினதைக் கேட்டிருக்கிறார். நீ வராவிட்டால் வில்டா என்று ஒருத்தியை வைத்திருக்கிறார். நன்றாகப் பாடுவாள், கூந்தலைப் பெரிதாகக் கட்டியிருப்பாள். மே பதினைந்து நாள் குறித்தாகிவிட்டது.

ஓலீட்டா, எனக்கு வேறு எதுவும் தெரியாது. சுரங்கத்துக்குள் போனால் எனக்கு மூச்சு முட்டும், உனக்குத் தெரியும். இது போனால் நான் ஒன்றுமே இல்லை. உன் காலில் விழுகிறேன். வந்து பாடு. ஒரே ஒரு தடவை.

ஹோபர்ட்


லோன் கிரீக்
மே 2, 1956

ஹோபர்ட்,

வில்டாவுக்குப் பிள்ளை இருக்கிறதா? அவளுக்கு அந்த விளக்கு எந்த ஜன்னலில் இருக்கிறதென்று தெரியுமா? என் வார்த்தையை இன்னொருத்தி வாயில் வைத்து ஊர் ஊராக விற்பாயா? மூன்று நாளாக யோசித்தேன். சாப்பாடு இறங்கவில்லை.

வருகிறேன். ஆனால் கேட்டுக்கொள்.

என் வரியை நான்தான் பாடுவேன். கதவும் விளக்கும் என்னுடையவை. சாக்கு உன்னுடையது. அதை நீ பாடவேண்டும், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு. கெஸ்லருக்குப் பிடிக்காவிட்டால் பஸ்ஸில் திரும்பி வந்துவிடுவேன்.

இரண்டாவது, மே கடைசி ஞாயிறு குழிகளுக்குப் பூ வைக்கிற நாள். ஊர் முழுக்கக் குன்றின் மேல் இருக்கும். அதற்குள் நீ வந்து ரூபனுக்குக் கூரை போட்டிருக்கவேண்டும். அன்றைக்கும் அவன் வெறும் மண்ணாகக் கிடந்தால் என்னால் அங்கே நிற்க முடியாது.

நான் பாடினால் சபையை விட்டு நீக்கிவிடுவார்கள் என்று உனக்குத் தெரியும். சபையை நடத்துகிற சகோதரர் ஏமஸ் நல்ல மனிதர், ஆனால் விதி விதிதான். எனக்கு மிஞ்சியிருப்பது அந்தச் சபைதான். அதை வைத்து உன்னிடம் ஒரு கூரை வாங்குகிறேன். விலை அதிகம் என்று எனக்கே தெரிகிறது.

ஓலீட்டா


நாஷ்வில்
மே 17, 1956

என் ஓலீட்டா,

நீ பஸ் ஏறி இரண்டு நாள் ஆகிறது. என்னோடு ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டாய். பரவாயில்லை. நீ போன பிறகு நடந்ததை நீ தெரிந்துகொள்ளவேண்டும்.

ஒரே மைக்கில் நீயும் நானும் நின்றோமே, நீ சபையில் பாடுகிற மாதிரி இழுத்து, நிதானமாக, வாத்தியத்துக்குக் காத்திராமல் ஆரம்பித்துவிட்டாய். பின்னால் ஸ்டீல் கிதார்காரன் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டான். எல்லோரும் எடுத்துவிட்டார்கள். "கதவைத் தாழ் போடலை, விளக்கை அணைக்கலை, வந்துவிடு" என்று நீ பாடும்போது என் முகத்தைத்தான் பார்த்தாய். முதல் இரண்டு தடவை எப்படியோ சமாளித்தேன். "சாலை காயட்டும், வருகிறேன்" என்று பாடினேன். மூன்றாவது தடவை, கடைசித் தடவை, "சாலை காயட்டும்" வரைக்கும் வந்தது. "வருகிறேன்" வரவில்லை. வாயைத் திறந்தேன், சத்தமே இல்லை. நீ அப்படியே நின்றாய். எவ்வளவு நேரம் நின்றோம் என்று எனக்குத் தெரியாது. நீ தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாய்.

நீ போனதும் நான் கெஸ்லரிடம், "மன்னிச்சுக்குங்க, இன்னொரு தடவை எடுத்துடலாம்" என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தொட்டீன்னா கையை உடைப்பேன். அப்படியே போகுது இது" என்றார். கடைசியில் அந்த ஒரு வார்த்தை இல்லாமலே தட்டு வரப்போகிறது. ஊரெல்லாம் அதை என் சாமர்த்தியம் என்று நினைக்கப்போகிறது.

மே கடைசி ஞாயிறு வருகிறேன். சத்தியம். கெஸ்லரின் காரைக் கேட்டிருக்கிறேன், செடார் மரப் பலகை பார்த்துவைத்திருக்கிறேன். இங்கேயே அறுத்துக் காரின் மேல் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன். ஒன்றே ஒன்று கேட்கவேண்டும். எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. எவ்வளவு நீளத்துக்கு அறுக்கட்டும்? நான் கிளம்பும்போது தவழ்ந்துகொண்டிருந்தான். என் முன்கையில் அடங்கினான். அந்தக் கணக்கில் அறுக்கிறேன், தப்பென்றால் உடனே எழுது.

உன்
ஹோபர்ட்


லோன் கிரீக்
ஜூன் 4, 1956

ஹோபர்ட்,

நீ நீளம் கேட்ட கடிதம் பூ வைக்கிற ஞாயிறு கழிந்துதான் வந்தது. முன்னால் வந்திருந்தாலும் என்ன.

உன்னைப் பார்த்தேன். குன்றின் மேல் எல்லோரும் குழி சுத்தம் செய்து, காகிதப் பூ வைத்து, பாட்டு முடித்து, சாப்பாட்டை விரித்துக்கொண்டிருந்தார்கள். நான் சாப்பிடாமல் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பச்சைக் கார் வந்தது. மேலே பலகை கட்டியிருந்தது. பாலத்தில் நின்றது. நீ இறங்கினாய். தொப்பியைக் கழற்றினாய், திரும்பப் போட்டுக்கொண்டாய். நான் கையை நெற்றிக்கு வைத்து வெயிலை மறைத்துப் பார்த்தேன். கூப்பிட வாய் வரவில்லை.

மிர்ட்டல் பக்கத்தில் வந்து, "வந்துட்டாருடி! கீழே போய்க் கூட்டிட்டு வா" என்றாள்.

"வரட்டும். இவ்வளவு தூரம் வந்தவருக்கு இந்த மேடு ஏறத் தெரியாதா?" என்றேன்.

நீ காரில் ஏறிப் பின்னாலேயே ஓட்டி, கோம்ஸ் கடை ஓரம் திருப்பிக்கொண்டு போய்விட்டாய். எல்லோரும் பார்த்தார்கள். மிர்ட்டல் ஒரு தட்டில் கோழியும் பீன்ஸும் வைத்து என் கையில் கொடுத்தாள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

பலகை போதாது ஹோபர்ட். அவ்வளவு தூரத்திலிருந்தே தெரிந்தது. அவன் வளர்ந்துவிட்டான். நடந்தான். நீ தவழ்கிற பிள்ளைக்கு அறுத்து வந்திருந்தாய்.

மறு சனிக்கிழமை சபை கூடியது. ஏமஸ் எழுந்து, "சகோதரி, செஞ்சது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும். எல்லாரும் கை குடுத்துடறோம்" என்றார். கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார்.

"தப்புன்னு தோணலியே சகோதரரே. என் பிள்ளை குழிக்குக் கூரை கேட்டுப் பாடினேன்" என்றேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் என்னை நீக்கக் கை தூக்கினார்கள். எனக்குச் சோறு ஊட்டின கைகள்தான். நேற்று ஞாயிறு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பாடும்போது எல்லோரும் எழுந்து ஒருத்தருக்கொருத்தர் கை கொடுப்பார்களே, மிர்ட்டல் என் பக்கம் வந்தாள். கையை நீட்டினாள். நடுவிலேயே நினைவு வந்து இழுத்துக்கொண்டாள். அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

பாட்டும் போச்சு, சபையும் போச்சு, கூரையும் இல்லை. செல்மா ஒஹாயோவுக்கு வரச் சொல்லி எழுதியிருக்கிறாள். ஹாமில்டனில் அடுப்பு செய்கிற தொழிற்சாலையில் பெண்களுக்கு வேலை இருக்கிறதாம். இந்த வீட்டில் இன்னும் ஒரு மாதம் இருந்தால் நான் ஓடையில் இறங்கிவிடுவேன், இந்தத் தடவை முழுக்குக்கு அல்ல. அதனால் போகிறேன். விலாசம் எழுதவில்லை. நீ தேடமாட்டாய்.

ஓலீட்டா


லோன் கிரீக்
செப்டம்பர் 9, 1956

ஓலீட்டா,

மேலே இருக்கிற ஊர் பெயரைப் பார்த்தாயா? நம் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் விலாசத்தை மிர்ட்டலிடம் வாங்கினேன். கொடுப்பதற்கு முன்னால், "மானம் கெட்டவனே, அவ போன பிறகு எதுக்குய்யா வந்தே?" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள். அந்த நேரம் பார்த்து ரேடியோவில் நம் பாட்டு. அவள் போய் அணைத்தாள். அவளுக்கு நான் நன்றி சொன்னேன்.

தட்டு எங்கெங்கேயோ பரவிவிட்டது ஓலீட்டா. போகிற ஊரெல்லாம் அதைத்தான் கேட்கிறார்கள். மேடையில் உன் இடத்தில் வில்டா நிற்கிறாள். கடைசி "வருகிறேன்" வருகிற இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டும், கூட்டமும் மூச்சு விடாமல் நிற்கும். அப்புறம் கைதட்டுவார்கள். சிகரெட் பிடிக்கிற ஆம்பிளைகள்கூட அழுகிறார்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் நீ நெற்றியில் கை வைத்துக்கொண்டு நிற்பதுதான் தெரியும். சார்லட் ஊரில் பாதிப் பாட்டில் மேடையை விட்டு இறங்கிவிட்டேன். கெஸ்லர் இன்னும் என்னைத் தேடிக்கொண்டிருப்பார்.

ஏன் திரும்பிப் போனேன் என்று நீ கேட்கவில்லை. சொல்கிறேன். குழியைப் பார்க்காதவரைக்கும் எனக்கு அவன் வீட்டில் தவழ்ந்துகொண்டிருக்கிறான். நாக்ஸ்வில்லில் படுத்துக்கொண்டு, இப்போது பல் முளைத்திருக்கும், இப்போது நாயைத் துரத்துவான் என்று நினைத்துக்கொள்வேன். பாலத்தில் நின்றபோது எல்லாக் கூரைக்கும் நடுவே ஒரு இடம் மட்டும் வெறுமையாகத் தெரிந்தது. மேலே ஏறினால் அவன் செத்துவிடுவான் என்று தோன்றியது. நீ அதைத் தனியாகச் சுமந்து ஏறினாய். எனக்குத் தெரியும். இப்போது தெரிகிறது.

வந்து பார்த்தால் கதவு தாழ் போடவில்லை. நீ போகும்போதுகூட போடவில்லை. ஜன்னலில் விளக்கு, எண்ணெய் தீர்ந்து திரி கருகிக் கிடந்தது. உள்ளே போய் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். யாரும் இல்லை என்று தெரிந்தே கூப்பிட்டேன்.

அப்புறம் கதவு நிலையில் ஒரு பென்சில் கோட்டைப் பார்த்தேன். நீ அவனை நிறுத்தி வைத்து, தலைக்கு மேல் கோடு போட்டிருக்கிறாய். பக்கத்தில் "ரூபன், தனியாக நின்றான்" என்று உன் கையெழுத்து. என் முழங்காலுக்கு மேலே வருகிறது. நான் தரையில் உட்கார்ந்து அந்தக் கோட்டில் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

பழைய பலகையை எறிந்துவிட்டேன். கதவு நிலையில் கயிறு பிடித்து அளவெடுத்து, புதிதாக அறுத்தேன். ஏமஸ் வந்து பார்த்தார். "ஆணியைக் குடு" என்று கையை நீட்டினார். கொடுக்கவில்லை. "நானே அடிக்கிறேனே" என்றேன். அவர் சரி என்று உட்கார்ந்துகொண்டார். கூரை போட்டு முடித்துவிட்டேன். நேற்று மழை பெய்தது. அவன் மேல் பெய்யவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை.

ஓலீட்டா, ஆளை மாற்றிப் போட்டு ஒரு பொய்ப் பாட்டு எழுதினேனே, அது இப்போது உண்மையாகிவிட்டது. விளக்கில் எண்ணெய் ஊற்றி ஏற்றிவைத்திருக்கிறேன். கதவைத் திறந்துவைத்திருக்கிறேன். வந்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஹோபர்ட்


ஹாமில்டன், ஒஹாயோ
அக்டோபர் 14, 1956

ஹோபர்ட்,

உன் கடிதத்தை வேலைக்குப் போகும்போது கொண்டுபோய், கொண்டுவந்து, மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது. பதில் எழுத இத்தனை நாள் ஆனது வேண்டுமென்றே அல்ல. ஒவ்வொரு தடவை எழுதும்போதும் திட்டாகவே வந்தது. கிழித்துப் போட்டேன்.

நான் இங்கே அடுப்புக் கதவுக்குக் கைப்பிடி மாட்டுகிறேன். பக்கத்தில் நிற்கிறவர்கள் எல்லாம் நம் மலைப் பெண்கள்தான். சாப்பாட்டுக் கூடத்தில் காசு போட்டால் பாடுகிற பெட்டி ஒன்று இருக்கிறது. தினமும் யாராவது ஒருத்தி நம் பாட்டைப் போடுவாள். கூடவே எல்லோரும் பாடுவார்கள். கடைசியில் உன் குரல் வராத அந்த இடத்தில் அத்தனை பேரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். அவர்களாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம்.

அது யாரென்று அவர்களுக்குத் தெரியாது. தட்டில் என் பிறந்த வீட்டுப் பெயர்தானே இருக்கிறது. போன வாரம் ஒரே சண்டை. "அவன் செத்துட்டான்டி, அதான் பதில் வரலை" என்றாள் ஒருத்தி. "போடி, அவதான் செத்துட்டா. ஆவி வந்து கூப்பிடுது, பயத்துல அவனுக்குப் பேச்சு வரலை" என்றாள் இன்னொருத்தி. என்னிடம் கேட்டார்கள், "நீ என்ன சொல்றே?" என்று.

"கூரை போட வரச் சொல்லிக் கூப்பிடுறா" என்றேன்.

"கூரைக்கா இவ்வளவு அழுகை?" என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பிப்ரவரியிலிருந்து வராத அழுகை அன்றுதான் வந்தது. மேஸ்திரி வந்து கதவைத் தட்டும்வரை அழுதேன்.

நீ தாமதமாக வந்தாய். எனக்கு வேண்டிய அன்று வரவில்லை. அதை எந்தக் கூரையும் மாற்றாது. ஆனால் இங்கே மழை பெய்கிற நாளில் நான் இப்போது தூங்குகிறேன். அதற்கு முன்னால் ஒரு மழைக்கும் தூங்கினதில்லை. இதை உனக்குச் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை என்று தோன்றியது.

பென்சில் கோட்டின் மேல் சுண்ணாம்பு பூசிவிடாதே. விளக்கைத் தினமும் ஏற்றாதே, எண்ணெய் வீண். மேடைக்குத் திரும்பிப் போனால் போ, ஆனால் அந்த வார்த்தையை மேடையில் நிரப்பிவிடாதே. அதை வாயால் சொல்கிற காலம் போய்விட்டது.

அடுத்த வருஷம் மே கடைசி ஞாயிறு, பூ வைக்கிற நாள். உன்னிடமா, வீட்டுக்கா என்று கேட்காதே, அது எனக்கே தெரியாது. ரூபனிடம் வருவேன். நீ எனக்கு முன்னால் குன்றின் மேல் இருக்கவேண்டும். பாலத்தில் அல்ல. எல்லோரும் பார்க்க, அவன் பக்கத்தில் நின்றுகொண்டு, நெற்றியில் கையை வைத்துச் சாலையைப் பார்த்துக்கொண்டிரு. அது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியவேண்டும்.

நீ அங்கே இல்லாவிட்டால் இனி ஒரு கடிதமும் கிடையாது. நான் இருப்பேன். மே மாதம் அங்கே எப்படியும் மழை இருக்கும். சாலை காயாவிட்டாலும் வருவேன்.

ஓலீட்டா